சம்பந்தி போட்ட கோடு

போன மாதம் மூட்டுவலிக்குப் படம் எடுக்க, நான் முன்பு வேலை பார்த்த ஸ்கேன் சென்டருக்கே போயிருந்தேன். நான் அங்கே குப்பை கொட்டியவள் என்று தெரிந்ததும், இப்போது வேலையில் இருக்கும் பெண் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் யாருடைய இதயத்தையோ திறந்து ஒரு பொத்தானைத் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் இதயத்தின் அறையைச் சுற்றி உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீங்கல்லாம் இத கையாலயா போட்டீங்க மேடம்? ரெண்டு பேரு போட்டா ஒத்தே போகாதே!" என்றாள்.

"ஒத்துப்போகாத வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துதும்மா. ஒத்துப்போன பெறகுதான் வினையே வந்துது" என்றேன்.

கிழவிக்கு மூட்டோடு மூளையும் தேய்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எக்ஸ்ரே டிப்ளமா படித்தேன். இருட்டறையில் பிலிம் கழுவியே இளமை போயிற்று. என் கல்யாணப் பட்டில்கூட பிலிம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாசம் அடிக்கும். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவர் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கும் பிரிவில் இருந்தார். யார் வாசத்தை யார் சொல்வது?

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, மதுரையில் இதயத்தைக் காந்தத்தால் படமெடுக்கிற பெரிய மிஷின் ஒன்று வந்தது. எடுக்க அங்கே ஆள் இருந்தது. எடுத்ததைப் பொறுமையாக உட்கார்ந்து கோடு போட்டு அளக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் சென்டர் இருந்தது கோவில்பட்டியில், எங்கள் டாக்டருக்கும் அதுதான் சொந்த ஊர். "அனுப்புங்க, அளந்து தாரேன்" என்று சொல்லிவிட்டார். அவர் வாழ்க்கையில் பேசிய நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

டாக்டருக்குப் பேச்சு என்றாலே 'ம்'தான். அதில் மூன்று ரகம். குட்டையாக "ம்" என்றால் தப்பு, அழித்துவிட்டுப் போடு. நடுத்தரமாக "ம்ம்" என்றால் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இழுத்து "ம்ம்ம்ம்" என்றால் யாருக்கோ கெட்ட காலம், அன்றைக்கு டீ உள்ளே போகக்கூடாது. படம் பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வார். ஏன் என்று கேட்க எனக்கு ரிட்டயர் ஆகும் வரை தைரியம் வரவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷன். இந்த விஷயம் பின்னால் முக்கியமாகிறது.

மதுரையிலிருந்து படங்கள் சி.டி.யில் வரும், பஸ்ஸில். கண்டக்டர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நின்று, "ஏ, இருதயம் வந்திருக்கு! யாரு வாங்குதது?" என்று கத்துவார். நான் போய்க் கையை நீட்டுவேன். புதிதாகப் பார்க்கிறவர்கள் என் மூஞ்சியையும் அந்தக் கவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

வேலை இதுதான். வாழைக்காயை பஜ்ஜிக்குச் சீவுகிற மாதிரி, இதயத்தின் பெரிய அறையை மிஷின் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகக் காட்டும். இரத்தம் வெள்ளையாகத் தெரியும், தசை கறுப்பாகத் தெரியும். அறை நன்றாக விரிந்திருக்கும்போது ஒரு தடவை, சுருங்கியிருக்கும்போது ஒரு தடவை, ஒவ்வொரு துண்டிலும் இரத்தம் முடிகிற இடத்தில் மவுஸால் கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டர் கூட்டி, அறையில் நிறைகிற இரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவை இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்று ஒரு நம்பர் சொல்லும். அந்த நம்பருக்கு ஒரு வரம்பு உண்டு. மேலே இருந்தால் மாத்திரையோடு போகும். கீழே போனால், அதிலும் மயக்கம் போட்டு விழுந்த ஆளாக இருந்தால், நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தாக வேண்டும். இதயம் தாறுமாறாக அடித்தால் அந்தக் கருவி ஓர் அடி கொடுத்து அதை நேராக்கும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? அறையின் சுவர் வழுவழுப்பாக இருந்தால் சுலபம்தான். ஆனால் சுவரிலிருந்து விரல் மாதிரித் தசைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். இதயம் சுருங்கும்போது அவை சுவரோடு ஒட்டிக்கொண்டு, எது விரல், எது சுவர் என்றே தெரியாது. விரலைக் கோட்டுக்கு உள்ளே விடுவதா, வெளியே தள்ளுவதா? உள்ளே விட்டால் நம்பர் குறையும், வெளியே தள்ளினால் கூடும். "விரல் உள்ள" என்பது டாக்டர் வகுத்த விதி. விதி போட்டு என்ன செய்ய, விரலைக் கண்டுபிடிக்க வேண்டுமே.

இதற்கு நான் பிடித்த ஆட்கள் இரண்டு பேர். விஜயா, பேச்சியம்மாள். இரண்டு பேருமே தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்தவர்கள். கிளி, மயில், தாமரை, ரயில் இஞ்சின் எல்லாம் அவர்கள் கையில் வந்தவை. நடுங்காத கை. ஆனால் குணம் வேறு. விஜயாவுக்குப் படம் சுத்தமாக இருக்க வேண்டும். ஓரத்தில் கறுப்பாக எது ஒட்டியிருந்தாலும் மை சிந்திவிட்டது என்று அதை ஓரத்தோடு சேர்த்து வழித்துவிடுவாள். விரல்கள் அவளுக்கு எப்போதும் சுவர்தான். பேச்சியம்மாள் கண்ணைத் திரைக்குள் விட்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுப்பாள்.

டாக்டரின் ஏற்பாடு என்னவென்றால், ஒவ்வொரு இதயத்துக்கும் இரண்டு பேரும் தனித்தனியாகக் கோடு போட வேண்டும். ஒருத்தி திரை மற்றவளுக்குத் தெரியாதபடி இருவரையும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தோம். சி.டி.யில் பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். நம்பர் போடுகிற நான்தான் பேர் தெரிந்த ஒரே ஆள். அதனால் நான் கோடு போடக்கூடாது. இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனால் அதுவே முடிவு. ஒத்துப்போகாவிட்டால்தான் டாக்டர் படத்தைத் திறப்பார்.

முதல் வருஷம் அவர் திறந்து திறந்து ஓய்ந்துபோனார். கணக்கு முடிந்து இரண்டு கோட்டையும் பக்கத்தில் வைத்ததும் அறைக்குள் தினமும் சண்டை.

"ஏட்டி பேச்சி, கண்ணு தெரியுதா இல்லையா? அது செவுருட்டி!"

"செவுருக்கு நெகம் மொளைச்சிருக்காக்கும்? நல்லாப் பாரு, வெரலு!"

இப்படியிருக்க, ஒரு வைகாசியில் விஜயாவின் மகனுக்குப் பேச்சியம்மாள் மகளைப் பேசி முடித்தார்கள். மத்தியானச் சோற்றைப் பகிர்ந்து தின்றபடியேதான் அந்தப் பேச்சு முளைத்தது. நிச்சய தாம்பூலம் மாற்றினார்கள். நானும் போய் சேமியாப் பாயசம் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அறைக்குள் நுழைந்தால் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. ஏட்டி, போட்டி எல்லாம் காற்றில் போய்விட்டது. "வாங்க சம்பந்தி", "சாப்பிட்டீயளா சம்பந்தி", "நீங்க மொதல்ல ஒக்காருங்க சம்பந்தி." இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் சத்தம் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

அந்த வாரக் கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் பழையபடியே இருந்தது. ஆனால் தலைகீழாக! விஜயா விரலையெல்லாம் உள்ளே விட்டிருக்கிறாள், பேச்சியம்மாள் வெளியே தள்ளியிருக்கிறாள். சம்பந்தி மனம் கோணக்கூடாது என்று ஒருத்திக்கொருத்தி விட்டுக்கொடுத்ததில், இவள் கோட்டை அவளும் அவள் கோட்டை இவளும் போட்டிருக்கிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது.

அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் ஒத்துப்போக ஆரம்பித்தது. அப்படி இப்படி ஒத்துப்போகவில்லை, ஒரே கை போட்ட மாதிரி. டாக்டர் "ம்ம்" என்றார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் "ம்ம்" என்றார். சந்தோஷம் தாங்காமல் எல்லோருக்கும் காராச்சேவு வாங்கி வரச் சொன்னார். நானும் சமாதானம் வந்துவிட்டது என்று தின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் விஜயாவின் வீட்டுக்காரர் ஆறுமுகம் ஒரு மத்தியானம் பின்வாசல் வழியாக வந்தார். லாரி டிரைவர். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவர். கயத்தாற்றில் லாரியை நிறுத்தி டீ குடிக்க இறங்கியவர், கிளாஸோடு மயங்கி விழுந்திருக்கிறார். டாக்டர் அவரை மதுரைக்குப் படமெடுக்க அனுப்பினார்.

"யக்கா, வீட்டுல மூச்சு விட்றாதீய" என்று என்னிடம் கும்பிட்டார். "நெஞ்சுல கோளாறுன்னா சம்பந்தி வீட்டுல பொண்ணு குடுக்க யோசிப்பாவ. லாரியையும் புடுங்கிருவாவ. கல்யாணம் முடியட்டும்."

நான் என்ன சொல்வது? நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம். அவர் சி.டி. வந்தது. நம்பர் போட்டேன். விஜயாவிடம் மட்டும் கொடுக்காமல் விட்டால் ஏன் என்று கேட்பாள். கட்டிய புருஷன் நெஞ்சுக்கு, அவருடையது என்று தெரியாமலே அவள் கோடு போட்டாள்.

இரண்டு பேர் கணக்கும் அச்சாக ஒத்துப்போனது. நம்பர் வரம்புக்கு ஒரு மயிரிழை மேலே. டாக்டர் படத்தைத் திறக்கவே இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். ஆறுமுகம் ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி வெளியே வந்தார். அடுத்த வாரம் நாக்பூருக்கு லோடு இருக்கிறது என்றார்.

துண்டு எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பகீரென்றது. நன்றாகப் பெருத்துப்போன இதயம். சுவர் முழுக்க விரல்கள். இரண்டு பேர் கோடும் விரலையெல்லாம் வெளியே தள்ளியிருந்தன. விஜயா தன் பழைய கைக்கே திரும்பித் தள்ளியிருப்பாள், சரி. பேச்சியம்மாளுமா?

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "விஜயா திரையை எட்டிப் பாத்தியா?"

"ஐயையோ, எங்கொலசாமி சத்தியமாப் பாக்கலக்கா" என்றாள். "எதுக்குப் பாக்கணும்? எத்தன வருசம் பக்கத்துல ஒக்காந்து லேபிளு போட்டிருக்கேன், அவிய கை எனக்குத் தெரியாதா? அவிய எப்படிப் போடுவாவன்னு நெனச்சேன், அப்படியே போட்டேன்."

"அப்போ உன் கோடு எங்கட்டி?"

"எங்கோடு மனசுல இருக்கு. மாப்பிள வீட்டுக்காரவிய ஒண்ணு போட, பொண்ணு வீட்டுக்காரி நான் வேற போட்டா நல்லாவா இருக்கும்?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். உன் கோட்டைப் போடு என்று அவளை அங்கேயே உட்கார வைத்தேன். "சரிக்கா" என்று போட்டாள். பார்த்தால் மறுபடியும் விஜயாவின் கோடு! "கை வர மாட்டேங்குதுக்கா" என்றாள், பாவமாக.

டாக்டரிடம் போனேன். "சார், அவங்க ரெண்டு பேரும் சம்பந்தி ஆயிட்டாங்க. அதான் கணக்கு ஒத்துப்போகுது."

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார். கல்யாணமே பண்ணாத மனுஷனுக்கு மாப்பிள்ளை வீட்டு மரியாதையை எந்தப் புத்தகத்தை வைத்து விளக்குவது? அந்த ஒரு படத்தை மட்டுமாவது திறந்து பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"ஏன் அத மட்டும்? ஆள் யாருன்னு தெரிஞ்சதாலயா?" என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம். பேர் தெரிந்து படம் பார்க்க ஆரம்பித்தால் அப்புறம் அளவுக்கு என்ன மதிப்பு? "சந்தேகமா இருந்தா வேற நம்பர் போட்டு அவங்க ரெண்டு பேருக்குமே திரும்பக் குடு. வித்தியாசம் வந்தா பாக்கேன்" என்றார். கடைசியில் குட்டையாக ஒரு "ம்".

திரும்பக் கொடுத்தால் அதே கோடுதான் வரும். வேறு கோடு வர வேண்டுமென்றால் சம்பந்திகளுக்குள் சண்டை வர வேண்டும். ஆக, நான் ஒரு சண்டை மூட்டுவது என்று முடிவு பண்ணினேன். கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பாவம் என்னைச் சேரும் என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷன் நாக்பூர் ரோட்டில் ஸ்டியரிங் மேல் சாய்ந்துகிடப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது.

கல்யாணப் பத்திரிகையை அவர்களே வரைந்துகொண்டிருந்தார்கள். மேலே விஜயா ஒரு தாமரை போட்டிருந்தாள். உங்க இஷ்டம் சம்பந்தி, இல்ல உங்க இஷ்டம் என்று வாரக்கணக்காக அது அச்சுக்கே போகவில்லை. நான் அதை எடுத்துப் பார்த்தேன். விஜயா காதில் விழும்படி, "பேச்சி, இந்த இதழ் ஒரு பக்கமாப் பருத்திருக்கே, நீ கவனிக்கலையா?" என்றேன்.

பேச்சியம்மாள் முகம் சிவந்துவிட்டது. பாவி மகள், எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாளோ! "மொத நாளே பாத்தேன்க்கா!" என்று வெடித்தாள். "தாமரையா அது? வாதம் வந்து வீங்குன காலு மாதிரில்லா இருக்கு! சம்பந்தியாச்சேன்னு வாய மூடிக்கிட்டு இருக்கேன்!"

விஜயா நாற்காலியைத் திருப்பினாள். "எங்கையையா கொற சொல்லுத? ஒம்மயிலுக்குக் கழுத்து கோணுனதுக்கு மொதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது யாருட்டி? நானாட்டி?"

'ஏட்டி' திரும்பி வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சண்டை மயிலில் ஆரம்பித்து, ரயில் இஞ்சினுக்குப் போய், நிச்சயத்தன்று பாயசத்தில் முந்திரி இருந்ததா இல்லையா என்பது வரைக்கும் போயிற்று. சாயந்திரம் இருவரும் தனித்தனியாக வீட்டுக்குப் போனார்கள். என் சர்வீஸில் நான் செய்த மிகத் துல்லியமான வேலை அதுதான்.

மறுநாள் காலையில் சி.டி.க்குப் புது நம்பர் போட்டு இரண்டு பேருக்கும் கொடுத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு போட்டார்கள். மவுஸ் சத்தத்திலேயே கோபம் கேட்டது. விஜயா பழையபடி வழித்துவிட்டாள். பேச்சியம்மாள் ஒவ்வொரு விரலாக, சம்பந்தி கண்ணில் குத்துகிற மாதிரி, உள்ளே விட்டிருந்தாள். கணக்கு எட்ட எட்டப் போய் நின்றது.

டாக்டர் படத்தைத் திறந்தார். இடது கண்ணை மூடினார். தானே கோடு போட்டார். டீ ஆடை கட்டியது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ம்ம்ம்ம்."

நம்பர் வரம்புக்குக் கீழே போயிருந்தது, நன்றாகவே. "வண்டியை எடுத்துருவான், ஓடு பாக்கியம்" என்றார். அவர் என் பேரைச் சொன்னது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. ஆட்டோ பிடித்து லாரி ஷெட்டுக்குப் போனேன். பண்டல் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகம் எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். வண்டி எடுக்கக்கூடாது என்றேன்.

"பாஸுன்னு சொன்னீயளேக்கா!"

"மறுகூட்டல்ல ஃபெயிலு. சாவியக் குடு" என்றேன்.

இனி மறைக்க வழியில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அவரே என்னோடு சென்டருக்கு வந்து, அறை வாசலில் நின்று, பொஞ்சாதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். விஜயா அழவில்லை. "எந்தப் படம்?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். அவரைப் பார்த்தேன், தலையாட்டினார். திறந்து காட்டினேன். அவள் கோடு சிவப்பு, பேச்சியின் கோடு பச்சை. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் கறுப்பாக அந்த விரல்கள். விஜயா பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் மவுஸை விட்டுவிட்டாள், ஆனால் திரும்பவில்லை.

சண்டையும் மூட்டிவிட்டேன், நோயும் வெளியே வந்துவிட்டது. பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று பேச்சி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

"ஏட்டி பேச்சி" என்றாள் விஜயா, குரல் உடைய. "அந்தத் தாமர எதழு பருத்துத்தான் இருக்கு."

பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். முந்தானையால் விஜயாவின் முகத்தைத் துடைத்தாள். "லேசாத்தான்" என்றாள். பிறகு ஆறுமுகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, நெஞ்சு சரியாகட்டும், தேதி எங்கன போயிரும்? எம்மக ஒங்க வீட்டுக்குத்தான். இப்படி மறைச்சு வச்சதுக்குத்தான் ஒங்களைப் பேசணும், அத பெறகு பேசுதேன்" என்றாள். நான் இருட்டறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

கருவி வைத்து ஆள் தேறி, கல்யாணமும் நடந்தது. பத்திரிகையில் தாமரையே இல்லை, வெறும் மஞ்சள்தான். லாரி போனதில் ஆறுமுகத்துக்கு வருத்தம் உண்டு. லாரி ஆபீஸிலேயே லோடு பதிகிற வேலை கொடுத்தார்கள், அங்கே உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற டிரைவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அறையில் ஒரு புது வழக்கம் வந்தது. வாசலுக்கு வெளியே 'சம்பந்தி', உள்ளே 'ஏட்டி'. டாக்டருக்குக் கடைசி வரை ஒன்றும் புரியவில்லை. வித்தியாசம் மறுபடி கூடிவிட்டதே என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

மறு வருஷம் ஒரு நாள் லாரி ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஆறுமுகம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிச் சரிந்திருக்கிறார். அடுத்த நொடி உடம்பு தூக்கிப்போட்டு, அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். பச்சைக் கோட்டால் வந்த கருவி வேலை செய்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் போட்டது போட்டபடி ஓடினோம். மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய கழுத ஒண்ணு நெஞ்சுல ஓங்கி ஒதைச்ச மாதிரி இருந்துச்சுட்டி" என்றார், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

மூச்சு வாங்க நின்றிருந்த பேச்சியம்மாளை விஜயா ஒரு தடவை பார்த்தாள். "கழுதன்னு சொல்லாதீய" என்றாள் புருஷனிடம். "அது நம்ம சம்பந்தி."